இரட்டைக் கொம்பு

டெண்டரில் இருந்தது:
'குஞ்சம் இல்லாத எழுத்து. அதற்கென்று தொகை இல்லை.'
கையெழுத்துப் போட்டேன்.
தமிழுக்குக் கால் உண்டு, கொம்பு உண்டு,
சுழி உண்டு, தலையில் புள்ளி உண்டு.
குஞ்சம் எந்தக் காலத்தில் இருந்தது?

கோத்தகிரியில் ஒரு மாடியறை.
கீழே கேரட் கழுவும் மெஷின் சத்தம்.
பதினோரு எழுத்துருக்களை இறக்கி வைத்தேன்,
எல்லாம் இலவசம்.
கட்டுமரம் என்று பெயர் வைத்த ஒன்றுகூட
ஆறாயிரம் அடி ஏறி வந்திருந்தது, பாவம்.

திரையில் எல்லோரும் மாப்பிள்ளைகள்.
முதலில் 'ஹ' கேட்டேன்.
இங்கே ஊருக்கு ஊர் ஹட்டி;
ஹ வராத எழுத்து
பஸ் ஸ்டாண்டைத் தாண்டாது.
மூன்று அங்கேயே உட்கார்ந்துவிட்டன.
ஒன்றில் ஹ, கடன் வாங்கிய கோட்டு மாதிரி
தோள் இறங்கித் தொங்கியது.

மிச்சம் எட்டைப் பெரிய தாளில் அச்சடித்து
கட்டபெட்டுக்குப் போகும் வளைவில்
தடுப்புச் சுவரில் ஒட்டினேன்.
ஜூலை, மாலை நாலரை.
மேகம் கீழிருந்து ஏறி வந்து
தேயிலையை வரிசை வரிசையாய் அழித்தது.

படிக்க ஆள் வேண்டுமே.
ஹால்துரை வந்தார், நூற்றியெட்டு ஓட்டுபவர்,
டூட்டி முடிந்து, மங்கி குல்லாயைக் கழற்றாமல்.
நாற்பதடியில் நின்றார். எண்பதில் நின்றார்.
நூற்றிருபதில் ஆள் இல்லை, குரல் மட்டும்:

"மொதலாவது புஸ்ஸுனு ஊதிக் கெடக்கு.
ரெண்டாவதுல ன-வும் ண-வும் அண்ணன் தம்பி.
மூணாவதுல புள்ளியக் காணோம்,
'கல்' வெறும் 'கல'ன்னு நிக்குது."

பேன் பார்ப்பதுபோல்
ஒவ்வொரு தலையிலிருந்தும் புள்ளியை
மேகம் எடுத்திருந்தது.

எனக்குப் பிடித்தது ஐந்தாவது.
மெலிந்த உடம்பு, நல்ல மூச்சு,
வளைவில் ஓர் அலட்சியம்.
"பெரஹட்டி" என்று படித்தார்.
நான் எழுதியிருந்தது பேரஹட்டி.

சற்று நேரம் குரல் வரவில்லை.
பிறகு நடந்து வந்து
கொம்பின் உச்சியில் நகத்தை வைத்தார்.
"இந்தச் சுழிதானே?
போன ஐப்பசியில இது தெரியாமத்தான்
இடப்பக்கம் திருப்பினேன். பன்னெண்டு நிமிஷம்.
பிள்ள வண்டியிலயே பொறந்துச்சு.
நல்லாத்தான் இருக்கு, இப்ப தவழுது"
கடைசி வரியை அவசரமாகச் சேர்த்தார்,
என் முகத்துக்காக.

ஐந்தாவதை உரித்தெடுத்தேன்.
எஞ்சியது ஏழாவது.
சத்துணவு முட்டை மாதிரி
யாரும் புகழாத வட்டம்.
அதிலும் சுழி சின்னதுதான்.

இரவு உரிமத்தைப் படித்தேன்:
எடுத்துக்கொள், மாற்று, பகிர்.
மாற்றினால் பழைய பெயரில் கூப்பிடாதே.
முகம் தெரியாத யாரோ ஒருவருடைய தாராளத்துக்கு
இவ்வளவு சின்ன மானம்.

இரட்டைக் கொம்பின் மேல்சுழியை
இரண்டு நூல் திறந்தேன், கழுத்தை நீட்டினேன்.
பக்கத்தில் பார்த்தால் அசிங்கம்,
எதையோ விழுங்க முடியாமல் நிற்கும் கொக்கு.
நூற்றிருபதடியில், மேகத்தில்,
சந்தேகமில்லாமல் பே.

கோப்புக்குப் பெயர் வைத்தேன்: பன்னிரண்டு.

"எழுத்துக்கு எவ்வளவு?" என்றார் உதவிப் பொறியாளர்.
ஒன்றுமில்லை, சார்.
"பூஜ்யம் ஆடிட்டில் நிற்காதும்மா,
ஒரு ரூபாயாவது போடு."
போட்டேன்.
யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல்
அந்த ரூபாய் இன்னும் என் மேசை இழுப்பறையில்.

நேற்று பஸ்ஸைத் தவறவிட்டு
மேட்டுப்பாளையத்து லாரியில் ஏறினேன்.
டிரைவருக்கு மலை புதுசு.
போனில் மச்சானைத் திட்டிக்கொண்டே வந்தார்.
வளைவில் மேகம் கண்ணாடியை மூடியது.
அவர் கண் ஒரு தடவை போய் வந்தது.
வசவில் ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை;
வண்டி வலப்பக்கம் திரும்பியது.